1000 சி.சி.க்குள் ஒரு 1500 சி.சி.

சிறியது முந்திய கதை

கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை சி.சி.?" என்பதைத்தான். சி.சி. கூடினால் இழுவை கூடும், மைலேஜ் குறையும் என்பது பல காலமாக இருந்துவரும் கணக்கு. சென்னையை அடுத்த மறைமலை நகரில் இயங்கிய ஃபோர்டு ஆலையிலிருந்து 2013 ஜூனில் விற்பனைக்கு வந்த எக்கோஸ்போர்ட், இந்தக் கணக்கைக் குழப்பியது.

ஒரே வண்டிக்குப் பெட்ரோலில் இரண்டு இன்ஜின்கள் தரப்பட்டன. ஒன்று 4 சிலிண்டர், 1499 சி.சி., 112 குதிரைத்திறன். மற்றது 3 சிலிண்டர், 999 சி.சி., 125 குதிரைத்திறன். அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்த இன்ஜின், திறனில் பெரியதை முந்தியது. சோதனைக்கூடத்தில் அளந்த மைலேஜிலும் சிறியதற்கே வெற்றி: அது லிட்டருக்கு ஏறத்தாழ 18.9 கி.மீ. ஓடியது, பெரியது 15.8 கி.மீ.

அதன்பின் இது பொது வழக்கமாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தயாரித்த வென்யூ 2019இல் வந்தபோது, அதன் 1200 சி.சி. இன்ஜின் 83 குதிரைத்திறன் தந்தது, 998 சி.சி. இன்ஜின் 120 தந்தது. ஃபோக்ஸ்வாகன் 2020இல் வென்டோ காரிலிருந்த 1598 சி.சி., 105 குதிரைத்திறன் இன்ஜினை எடுத்துவிட்டு, 999 சி.சி., 110 குதிரைத்திறன் இன்ஜினை வைத்தது. கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் வழியாக மன்னார்குடி போகும் சாலையிலும் இத்தகைய கார்கள் இன்று ஓடுகின்றன.

சிறிய இன்ஜினுக்கு இந்தத் திறன் எங்கிருந்து வருகிறது? திறன் கூடியும் மைலேஜ் எப்படிக் குறையாமல் இருக்கிறது? இரண்டுக்கும் விடை பெட்ரோலில் இல்லை, காற்றில் இருக்கிறது.

சி.சி. எதை அளக்கிறது?

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழே வரும்போது உண்டாகும் இடத்தின் அளவே சி.சி. எல்லா சிலிண்டர்களின் இடத்தையும் கூட்டினால் இன்ஜினின் கொள்ளளவு கிடைக்கும். 1000 சி.சி. என்றால் 1 லிட்டர். அந்த இடத்தில் நிரம்புவது பெரும்பகுதி காற்றுதான்; அதனுடன் பெட்ரோல் துளியளவே சேர்கிறது.

பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். 1 கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் சிலிண்டருக்குள் பீய்ச்சலாம். காற்று போதாவிட்டால் அது எரியாமல் புகையாகத்தான் போகும். ஆகவே ஓர் இன்ஜின் எவ்வளவு வேலை செய்யும் என்பதை முடிவு செய்வது, ஒரு நிமிடத்தில் அதற்குள் போகும் காற்றின் எடை.

சி.சி. அளப்பது காற்றின் இடத்தை. காற்றின் எடையை அல்ல. எக்கோஸ்போர்ட் புதிருக்கான திறவுகோல் இந்த வேறுபாடே.

ஒரு நிமிடக் கணக்கு

எக்கோஸ்போர்ட்டின் இரண்டு இன்ஜின்களையும் நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில், ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து, ஒரே ஒரு நிமிடம் ஓட விடுவதாகக் கொள்வோம். வெளிக்காற்றின் வெப்பநிலை 30 டிகிரி. அந்த நிலையில் 1 லிட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிராம்.

இந்த வகை இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவு காற்றை இழுக்கும். எனவே 3000 சுற்றில் 1500 முறை இழுக்கும்.

முதலில் 1500 சி.சி. இன்ஜின். ஒருமுறைக்கு 1.5 லிட்டர் வீதம் நிமிடத்துக்கு 2250 லிட்டர் காற்று. எடை சுமார் 2.6 கிலோ. அதில் எரியக்கூடிய பெட்ரோல் சுமார் 178 கிராம். அந்தப் பெட்ரோலின் வெப்பம் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. மூன்றில் ஒரு பங்குதான் மாறும். அப்படிக் கிடைப்பது ஏறத்தாழ 57 குதிரைத்திறன்.

அடுத்து, வெறும் 1000 சி.சி. இன்ஜின். காற்று 1500 லிட்டர், எடை 1.74 கிலோ, பெட்ரோல் 118 கிராம். கிடைப்பது 38 குதிரைத்திறன். இதுவரை பழைய கணக்கு பிசகவில்லை. சிறிய இன்ஜின் சிறிதாகவே உழைக்கிறது.

இப்போது அதே 1000 சி.சி.க்குள், வெளிக்காற்றைவிட 1.8 மடங்கு அடர்த்தியான காற்றை அழுத்தி அனுப்பினால் என்ன ஆகும்? இடம் அதே 1500 லிட்டர்தான். ஆனால் உள்ளே போன காற்றின் எடை 3.1 கிலோ. அதில் 213 கிராம் பெட்ரோல் எரியும். திறன் சுமார் 69 குதிரைத்திறன். ஃபோர்டு அறிவித்த முறுக்குவிசை எண்ணிலிருந்து கணக்கிட்டாலும் 3000 சுற்றில் ஏறத்தாழ 72 வருகிறது. பெயரளவில் 1000 சி.சி. என்றாலும், அந்த ஒரு நிமிடத்தில் அது 1800 சி.சி. இன்ஜினின் வேலையைச் செய்கிறது.

இதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. முழு அழுத்தத்தில் ஓடும்போது சிறிய இன்ஜின் 213 கிராம் பெட்ரோல் குடித்தது. பெரியது 178தான் குடித்தது. திறனைக் கேட்டு வாங்கும்போது பெட்ரோலில் சலுகை ஏதும் இல்லை. அப்படியானால் மைலேஜ் எங்கிருந்து கூடுகிறது என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு முன் காற்றை அழுத்தும் கருவியைப் பார்த்துவிடலாம்.

வீணாகும் புகையின் வேலை

பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சைலன்சர் வழியாகப் புகையோடு வெளியேறுகிறது. அந்தப் புகையைக் கொண்டு உள்ளே போகும் காற்றை அழுத்தலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905இல் காப்புரிமை பெற்றார். அவர் வகுத்த கருவிதான் டர்போ.

டர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு இறக்கைச் சக்கரங்கள் இருக்கும். ஒன்று புகைப் பாதையில், மற்றது காற்றுப் பாதையில். இன்ஜினிலிருந்து சீறி வரும் புகை முதல் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் இருப்பதால் இரண்டாவது சக்கரமும் சுழன்று வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளும். எக்கோஸ்போர்ட்டின் 999 சி.சி. இன்ஜினில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 2,48,000 சுற்று வரை சுழலக்கூடியது. நொடிக்கு 4000 சுற்றுக்கு மேல். உள்ளங்கையில் அடங்கக்கூடிய சக்கரத்துக்கு இந்த வேகம்.

அழுத்தம் அளவு மீறினால் இன்ஜின் தாங்காது. அதற்காகப் புகைப் பாதையில் வேஸ்ட்கேட் என்ற கதவு உண்டு. போதுமான அழுத்தம் சேர்ந்ததும் அது திறந்து, மிச்சப் புகையைச் சக்கரத்தைத் தொடாமல் வெளியே அனுப்பிவிடும்.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி கொதிப்பதற்கும் காரணம் இதுவே. 30 டிகிரியில் உள்ளே போகும் காற்று, டர்போவிலிருந்து வெளிவரும்போது 100 டிகிரியைத் தாண்டலாம். சூடான காற்று விரிந்து இலேசாகிவிடும். எடை கூட்டச் செய்த வேலை பாதி வீணாகும். அதைத் தடுக்க இன்டர்கூலர் என்ற குளிர்விப்பான் வைக்கப்படுகிறது. ரேடியேட்டர் போன்ற அதன் குழாய்களின் வழியே காற்று சென்று, ஆறிய பிறகே இன்ஜினுக்குள் நுழைகிறது.

டர்போவின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியே பார்க்க, ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் நல்ல சான்று. 2020 டிசம்பரில் வந்த அந்தக் காரின் இரண்டு பெட்ரோல் இன்ஜின்களும் 3 சிலிண்டர், 999 சி.சி.தான். டர்போ இல்லாதது 72 குதிரைத்திறன். டர்போ உள்ளது 100.

மலை ஏறும்போது இன்னொரு பயனும் உண்டு. சுமார் 2100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண இன்ஜின் அதே அளவுக்குத் திறனை இழக்கும். டர்போ சற்று வேகமாகச் சுழன்று, குறையும் காற்றில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

கும்பகோணம்–மன்னார்குடி சாலையில்

மைலேஜின் மர்மம் தெளிய டெல்டாச் சாலையே போதும். கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி வரை தரை மட்டமானது. குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு ஆகியவற்றின் பாலங்களில் ஏறி இறங்குவதைத் தவிர வேறு மேடு இல்லை. இருபுறமும் வயல், நடுவே அகலம் குறைந்த சாலை. 60 கி.மீ. வேகமே பல இடங்களில் அதிகம்.

1200, 1300 கிலோ எடையுள்ள கார் மட்டமான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் ஓட, டயர் உராய்வையும் எதிர்க்காற்றையும் வெல்வதற்கு 6, 7 குதிரைத்திறன் போதும். ஏ.சி. போட்டால் இன்னும் இரண்டு. 112 குதிரைத்திறன் இன்ஜினில் பெரும்பாலான நேரம் நூற்றுக்கு மேல் சும்மா இருக்கின்றன.

சும்மா இருந்தாலும் அவை செலவு வைக்கின்றன. பெட்ரோல் இன்ஜினில் திறனைக் குறைக்க, காற்று நுழையும் வாயிலை ஒரு தட்டு அடைக்கிறது. இதற்குத் திராட்டில் என்று பெயர். வாயில் பாதிக்கு மேல் அடைபட்டிருக்க, பிஸ்டன் ஒவ்வொரு முறையும் வெற்றிடத்தை எதிர்த்துக் கீழிறங்கிக் காற்றை உறிஞ்ச வேண்டும். இந்த வீண் உழைப்பை உறிஞ்சல் இழப்பு எனலாம். இன்ஜின் பெரிதாக இருக்க, தேவை சிறிதாக இருந்தால் திராட்டில் மேலும் அடைபடும். இழப்பும் மேலும் கூடும்.

அதே 8 குதிரைத்திறனை 999 சி.சி. இன்ஜின் தரும்போது அதன் திராட்டில் கூடுதலாகத் திறந்திருக்கும். உறிஞ்சல் இழப்பு குறையும். நான்குக்குப் பதில் மூன்று பிஸ்டன்கள் என்பதால் உரசும் பரப்பும் குறைவு. காலையில் இன்ஜின் சூடேறவும் குறைந்த நேரமே ஆகும். சிறிய தேவையை நிறைவேற்றச் சிறிய இன்ஜினே சிக்கனமானது. டர்போ அந்தச் சிக்கனத்தைத் தருவதில்லை. இந்நேரத்தில் அது ஏறத்தாழ வேலையின்றிச் சுழன்றுகொண்டிருக்கும்.

டர்போவுக்கு வேலை வருவது முந்தும்போது. சம்பா அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல் மூட்டை ஏற்றிய லாரிகளும் டிராக்டர் டிரெய்லர்களும் இந்தச் சாலையை நிறைத்துவிடும். எதிரில் வண்டி வருவதற்குள் ஒரு லாரியைத் தாண்ட வேண்டும். இரண்டு பேர் அமர்ந்த காரின் வேகத்தை 4 நொடிகளில் 60இலிருந்து 80 கி.மீ. ஆக்க ஏறத்தாழ 60 குதிரைத்திறன் தேவை. முன்பு பார்த்த ஒரு நிமிடக் கணக்கில் 3000 சுற்றில் பெரிய இன்ஜின் தந்தது 57, சிறியது தந்தது 69. பெரிய இன்ஜினின் முழு முறுக்குவிசையான 140 நியூட்டன் மீட்டர் 4400 சுற்றில்தான் கிடைக்கும் என்பதால், ஓட்டுநர் ஒரு கியர் குறைத்து இன்ஜினை அலற விட வேண்டும். டர்போ இன்ஜினோ 170 நியூட்டன் மீட்டரை ஏறத்தாழ 1400 சுற்றிலிருந்து 4500 வரை தருகிறது. கியர் மாற்றாமலே வண்டி பாயும்.

ஆனால் ஒரு சிறு காத்திருப்பு உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே போதிய புகை வந்து சக்கரத்தைச் சுழற்றிவிடாது. சக்கரம் வேகமெடுக்கும் அந்த இடைவெளி டர்போ தாமதம் எனப்படுகிறது. சக்கரத்தைச் சிறிதாக்கியும், புகைக் குழாயைச் சுருக்கியும் இதைக் குறைத்திருக்கிறார்கள், முற்றிலும் ஒழிக்கவில்லை. 1200 சுற்றில் பாலத்தின் ஏற்றத்தில் மெல்ல ஊரும்போது அது வெறும் 1000 சி.சி. வண்டிதான்.

நாக்கிங் என்ற தடை

லாரிகளின், கப்பல்களின் டீசல் இன்ஜின்களில் டர்போ வெகு காலத்துக்கு முன்பே நிலைபெற்றது. பெட்ரோல் கார்களில் அது தயங்கித் தயங்கி வந்ததற்குக் காரணம் நாக்கிங். அடர்ந்த, சூடான பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் மேலும் அழுத்தப்படும்போது, தீப்பொறி தொடங்கிய எரிதல் முழுவதும் பரவுவதற்குள் மிச்சக் கலவை தானாகவே பற்றி வெடிக்கும். இரும்பைத் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். தொடர்ந்தால் பிஸ்டன் சேதமாகும்.

1962இல் அமெரிக்காவில் டர்போவுடன் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் காரில், இதைத் தணிக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைக் காற்றோடு சேர்த்துத் தெளித்தார்கள். பெட்ரோல் போடுவதோடு இந்தத் திரவத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. பலர் நிரப்ப மறந்தார்கள். அந்த முறை நிலைக்கவில்லை.

இன்றைய தீர்வு நேரடிப் பீய்ச்சல். எக்கோஸ்போர்ட், வென்யூ, வென்டோ ஆகியவற்றின் 1 லிட்டர் டர்போ இன்ஜின்களில் பெட்ரோல் காற்றுக் குழாயில் கலக்காமல், உயர் அழுத்தத்தில் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. அங்கே ஆவியாகும்போது அது சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. நாக்கிங்கின் அதிர்வை உணரும் சென்சார் ஒன்று கணினிக்குச் செய்தி அனுப்ப, கணினி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும். சிறு டர்போ இன்ஜின் அன்றாடக் காருக்கு ஏற்றதாக இந்த இரண்டும் உதவின.

மைலேஜ் சோதனையும் மெய்ச் சாலையும்

இந்தியாவில் காரின் மைலேஜ் எண் சாலையில் ஓட்டி அளக்கப்படுவதில்லை. கூடத்துக்குள் உருளைகளின் மேல் சக்கரங்களை ஓடவிட்டு, வகுத்துவைத்த அட்டவணைப்படி வேகத்தை ஏற்றி இறக்கி அளக்கிறார்கள். அதில் வேகம் 90 கி.மீ.யைத் தாண்டாது, வேகமெடுப்பதும் மென்மையாகவே நடக்கும். சிறிய இன்ஜின் தன் சிக்கனத்தை முழுதும் காட்டும் பகுதி அதுதான். டர்போவுக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

நான்குவழிச் சாலையில் 110 கி.மீ. வேகத்தில், ஐந்து பேரும் பெட்டிகளுமாகப் போகும்போது நிலைமை மாறும். டர்போ விடாமல் அழுத்தும். உச்ச நிலையில் புகையின் சூடு டர்போவைச் சிதைக்காமலிருக்க, எரியத் தேவையானதைவிடக் கூடுதலாகப் பெட்ரோலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் இன்ஜின்களும் உண்டு. அப்போது சோதனை எண்ணுக்கும் மெய் மைலேஜுக்கும் இடையே இருக்கும் இடைவெளி, டர்போ இல்லாத வண்டியில் உள்ளதைவிடப் பெரிதாகிவிடுகிறது. மென்மையாக ஓட்டுபவருக்குச் சிறிய இன்ஜினின் செலவு, விரட்டி ஓட்டுபவருக்குப் பெரிய இன்ஜினின் செலவு.

வரி அளக்கும் சி.சி.

இன்ஜின் சுருங்கியதற்கு இந்தியாவில் இன்னொரு காரணம் வரி. 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இன்ஜினும் உள்ள கார்களுக்குக் குறைந்த வரி என்ற ஏற்பாடு 2006இல் தொடங்கியது. எக்கோஸ்போர்ட்டின் நீளம் 3999 மி.மீ. என்று அமைந்தது தற்செயல் அல்ல. 999 சி.சி. இன்ஜினோடு அது சிறு கார் வரிக்குள் அடங்கியது, 1499 சி.சி. பெட்ரோலோடு அடங்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியபோதும் இதே எல்லைகள் நீடித்தன: உள்ளே இருப்பவற்றுக்கு 18 விழுக்காடு, மீறியவற்றுக்கு 40.

சட்டம் காற்றின் இடத்தைத்தான் அளக்கிறது. காற்றின் எடையை அளப்பதில்லை. அந்த இடைவெளியில் டர்போ புகுந்துகொண்டது. ஆனாலும் டர்போ, இன்டர்கூலர், உயர் அழுத்தப் பம்பு எல்லாம் செலவு பிடிப்பவை. வரிச் சலுகை இருந்தும், 2013இல் எக்கோஸ்போர்ட்டின் டர்போ வகை, 1500 சி.சி. பெட்ரோல் வகையின் தொடக்க விலையைவிடக் கூடுதல் விலையிலேயே வந்தது.

பராமரிப்பு

டர்போவின் புகைப் பக்கம் 900 டிகிரியைத் தொடக்கூடியது. அந்தச் சூட்டில் இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் கருகினாலோ அழுக்கேறினாலோ முதலில் பாதிக்கப்படுவது டர்போதான். எனவே கையேட்டில் சொன்ன தர ஆயிலை, சொன்ன இடைவெளியில் மாற்றுவது மற்ற கார்களைவிட இங்கே முக்கியம்.

வேகமாக ஓட்டி வந்தவுடன் இன்ஜினை நிறுத்தினால், ஆயில் ஓட்டம் நின்று, சூடான தண்டின் மேல் தங்கிய ஆயில் கருகும். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது இன்ஜினை நிறுத்துவது பெட்ரோலைச் சேமிக்கும் நல்ல பழக்கமே. விரட்டி வந்திருந்தால் மட்டும், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஐடிலில் விட்டு நிறுத்துவது நல்லது.

சுருக்கத்தின் எல்லை

இன்ஜினை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கிக்கொண்டே போக முடியாது. ஐரோப்பாவில் 2017 முதல் சோதனை முறை கடுமையாகி, வண்டிகளை மெய்ச் சாலையிலும் அளக்கத் தொடங்கியதும் இது வெளிப்பட்டது. மிகச் சிறிய இன்ஜின்கள் அடிக்கடி முழு அழுத்தத்தில் ஓட நேர்ந்து, சிக்கனத்தை இழந்தன. ஃபோக்ஸ்வாகன் தன் 1400 சி.சி. டர்போ இன்ஜினை 1500 ஆக்கியது. அந்தப் புதிய இன்ஜின் 2020இல் இந்தியாவுக்கு வந்தபோது, தேவை குறையும் நேரத்தில் நான்கில் இரண்டு சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டோடு வந்தது. பெரிய இன்ஜின் தானே சிறியதாகிக்கொள்ளும் வழி அது.

இன்னொரு வழி டர்போவையே தவிர்ப்பது. 2022இல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவின் ஹைப்ரிட் வகையில் டர்போ இல்லாத 1490 சி.சி. இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து உழைக்கின்றன. சோதனை மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ. முந்தும் கணத்தில் டர்போ தரும் கூடுதல் விசையை அங்கே மோட்டார் தாமதமின்றித் தருகிறது. மெல்ல ஊரும்போது இன்ஜினையே நிறுத்திவிட்டு மோட்டார் தனியே வண்டியை நகர்த்துகிறது.

இந்த வழிகள் எல்லாமே தீர்க்க முயல்வது ஒரே சிக்கலை: காருக்குப் பெரும்பாலான நேரம் 8 குதிரைத்திறன் போதும், சில நொடிகள் மட்டும் 60 வேண்டும். டர்போ பொருத்திய சிறு இன்ஜின் அதற்கான ஒரு விடை. 8 போதுமான நேரம் நீளமாகவும் 60 தேவைப்படும் நேரம் குறைவாகவும் உள்ள பயணங்களில் அது லாபம். விகிதம் மாறினால் லாபம் கரையும்.